சதவீதம் சொல்லாத புழுக்கம்

காலை ஏழு மணிக்குக் கைப்பேசியின் வானிலைச் செயலி ஈரப்பதம் 95 சதவீதம் என்று காட்டிய ஒரு நாளில், திறந்த சன்னலருகே அமர்ந்து எவ்விதத் தொந்தரவும் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். அதே நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த எண் 57 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் அப்போதுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மேசைமீது முழங்கையை ஊன்றினால் காகிதம் கையோடு வந்தது, நெற்றியைத் துடைத்த கைக்குட்டை நெடுநேரம் காயாமல் கிடந்தது. யாரைக் கேட்டாலும் பிற்பகல் காற்றைத்தான் ஈரமானது என்று சொல்வார். கருவியோ காலைக் காற்றைச் சொல்கிறது. வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்கு ஏறியதுதான் காரணம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்த விடை எனக்குப் போதவில்லை. 40 டிகிரி வெயிலில், வறண்ட நிலத்தில், இதைவிட நெடுநேரம் நடந்திருக்கிறேன். அங்கே தொண்டை வறண்டது, உதடு வெடித்தது. ஆனால் இந்தப் பிசுபிசுப்பும் இறுக்கமும் இல்லை. ஆகவே வெப்பத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஈரம்தான் காரணமென்றால், அதை அளப்பதாகச் சொல்லும் எண் நம் அனுபவத்துக்கு எதிர்த்திசையில் ஏன் ஓடுகிறது என்ற கேள்வி நெடுநாள் என்னை விடவில்லை.

அந்த எண்ணை நாம் கையாளும் விதமும் சேர்ந்தே உறுத்தியது. ஒரு நாளின் வானிலைச் சுருக்கத்தில் அதிகபட்ச வெப்பநிலையும் அதிகபட்ச ஈரப்பதமும் அடுத்தடுத்த வரிகளில் வந்துவிடுகின்றன. படிப்பவர் இரண்டையும் இணைத்து, 35 டிகிரி வெயில், கூடவே 90 சதவீத ஈரப்பதம் என்று பேசத் தொடங்குகிறார். முதல் எண் பிற்பகலுக்குரியது, இரண்டாவது விடியற்காலைக்குரியது. இரண்டும் ஒரே மணியில் உண்மையாகவே நிகழ்ந்தால், அது பூமியில் மிக அரிதாக, ஒரு சில இடங்களில், சில மணி நேரம் மட்டுமே தென்படக்கூடிய நிலை. வலுவான இளைஞர்களின் உடலும் அதை வெகுநேரம் தாங்காது. அவ்வளவு பெரிய செய்தியை நாம் சர்வசாதாரணமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம் என்றால், அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை நமக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

பகுதி மாறிக்கொண்டேயிருக்கும் பின்னம்

ஈரப்பதம் என்று செய்தியில் வருவது ஒப்பு ஈரப்பதம். அது ஒரு பின்னம்: காற்றில் இப்போது இருக்கும் நீராவியின் அழுத்தம் தொகுதி, அந்த வெப்பநிலையில் நீராவி எட்டக்கூடிய உச்ச அழுத்தம், அதாவது தெவிட்டு நிலை ஆவியழுத்தம், பகுதி. இந்தப் பகுதி நிலையாக நிற்பதில்லை என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அழுத்தத்தை அளக்கும் மில்லிபார் என்ற அலகில் சொன்னால், 20 டிகிரியில் அது ஏறத்தாழ 23 மில்லிபார், 30 டிகிரியில் 42, 40 டிகிரியில் 74. பத்து டிகிரி ஏறினால் உச்சவரம்பு கிட்டத்தட்ட இருமடங்காகிறது; ஒவ்வொரு டிகிரிக்கும் ஆறு ஏழு சதவீதம் கூடுகிறது என்று சொல்லலாம். காற்றில் உள்ள நீராவி ஒரு துளியும் கூடாமல் குறையாமல் இருக்க, சூரியன் மேலேறி வெப்பநிலை உயர்வதாலேயே சதவீதம் சரிகிறது; மாலையில் குளிர்ந்ததும் அதுவே மறுபடி ஏறுகிறது. அன்று நான் கண்ட 95உம் 57உம் இப்படிப்பட்ட எண்கள்.

காற்றை ஒரு பஞ்சாகக் கற்பனை செய்து, சூடான பஞ்சு கூடுதல் நீரைப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்குவது வழக்கம். வகுப்பறையில் அது கைகொடுக்கலாம். ஆனால் நடப்பது அதுவன்று. 1801ஆம் ஆண்டையொட்டி ஜான் டால்டன் செய்த சோதனைகள் காட்டியது இதுதான்: ஒரு மூடிய கலத்தில் நீருக்கு மேலே காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட வெப்பநிலையில் நீராவி அதே அழுத்தத்தையே எட்டுகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராவியைச் சுமப்பதுமில்லை, அதற்கு இடம் ஒதுக்கித் தருவதுமில்லை. நீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் வெளியேறும் வேகமும் திரும்பி வந்து ஒட்டும் வேகமும் சமமாகும் புள்ளியே தெவிட்டு நிலை. வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த நீரின் வெப்பநிலை. கேட்பதற்குச் சிறிய திருத்தமாகத் தோன்றினாலும், புழுக்கத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஆவியாதலை ஆள்வது காற்றின் வெப்பநிலை என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை இந்தக் கணக்கு நேராகாது. எந்த நீர் ஆவியாகிறதோ அந்த நீரின் வெப்பநிலையைக் கேட்க வேண்டும்.

அசையாமல் நின்ற நிரல்

என் கேள்வி திசை மாறியது ஓர் அட்டவணையைப் பார்த்தபோது. வானிலை நிலையங்கள் மணிக்கு மணி பதிவுசெய்யும் அளவீடுகளை யாரும் எடுத்துப் பார்க்கலாம். மேற்சொன்ன நாளின் பதிவை அப்படித்தான் திறந்தேன். முதல் நிரலில் வெப்பநிலை, 25இல் தொடங்கி 34வரை ஏறி இறங்கியது. அடுத்த நிரலில் ஒப்பு ஈரப்பதம், அதற்கு நேர் எதிராக 95இலிருந்து 57வரை இறங்கி ஏறியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நான் மூன்றாவது நிரலைக் கவனிக்கச் சற்று நேரமாயிற்று. அதன் தலைப்பு பனிப்புள்ளி. விடியற்காலையில் 24, முற்பகலில் 24, வெயில் உச்சியில் நின்ற வேளையிலும் 24, இருட்டிய பிறகும் 24. நாள் முழுவதும் அந்த எண் கிட்டத்தட்ட அசையவே இல்லை. நீராவியின் அளவைப் பொறுத்தவரை காலைக் காற்றும் பிற்பகல் காற்றும் ஒரே காற்று. காலைக்கும் பிற்பகலுக்கும் எது அதிக ஈரம் என்ற என் கேள்வியே அங்கே கரைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஒரே ஈரத்தை என் உடல் ஏன் இருவேறு விதமாக உணர்ந்தது என்ற கேள்வி வந்து நின்றது. முந்தைய கேள்வி காற்றைப் பற்றியது. இது தோலைப் பற்றியது.

பனிப்புள்ளி என்பது, காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி திவலைகளாகப் படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. ஜான் ஃபிரெடரிக் டேனியல் 1820இல் இதை நேரடியாகக் கண்டறியும் ஒரு கருவியையே உருவாக்கினார்: ஈத்தர் என்ற, எளிதில் ஆவியாகும் திரவம் ஆவியாவதால் கண்ணாடிக் குமிழ் ஒன்று குளிரும், அதன்மீது மூச்சுப் படிந்ததுபோல் பனி படரும் கணத்தில் உள்ளிருக்கும் வெப்பமானியைப் படிக்க வேண்டும். சதவீதத்தைப் போலன்றி, இந்த எண் நீராவியின் அளவோடு மட்டும் கட்டுண்டது. 24 டிகிரி பனிப்புள்ளி என்றால் ஆவியழுத்தம் 30 மில்லிபார். காற்று 25 டிகிரியில் இருந்தாலும் 34 டிகிரியில் இருந்தாலும் அது 30தான். பத்துக்குக் கீழே இருந்தால் வறட்சி தெரியும். பதினைந்து பதினாறு வரை பெரும்பாலோர் ஈரத்தை நினைத்துப் பார்ப்பதே இல்லை. இருபதைத் தாண்டினால் புழுக்கம் பேச்சில் வரத் தொடங்கும். 24, 25 என்றானால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் வியர்க்கும். 2003 ஜூலை 8 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 35 டிகிரி பனிப்புள்ளி பதிவானது. அப்போது காற்றின் வெப்பநிலை 42 டிகிரி. அந்தக் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தைக் கணக்கிட்டால் எழுபதுக்கும் கீழேதான் வரும். மனிதர் வாழும் இடமொன்றில் பதிவான மிகக் கடுமையான ஈரக் காற்றுகளில் ஒன்றை, ஒரு சாதாரண மழைநாளின் காலையைவிட உலர்ந்ததாகச் சதவீதம் காட்டும்.

முடி அறிந்ததும் தோல் அறியாததும்

அப்படியானால் சதவீதம் பயனற்றதா என்றால், இல்லை. அது வேறொன்றின் உண்மை. ஒராஸ் பெனடிக்ட் த சொசூர் 1783இல் வெளியிட்ட ஈரப்பத ஆய்வில், கொழுப்பு நீக்கிய மனிதத் தலைமுடியைக் கொண்டு ஈரப்பதமானி செய்யும் முறையை விவரித்தார். முற்றிலும் உலர்ந்த நிலைக்கும் தெவிட்டிய நிலைக்கும் இடையே தலைமுடி இரண்டு, இரண்டரை சதவீதம் நீள்கிறது. அந்த நீட்சி நீராவியின் மொத்த அளவைப் பின்தொடர்வதில்லை. ஒப்பு ஈரப்பதத்தையே பின்தொடர்கிறது. மரக்கதவு இறுகுவதும், காகிதம் நெளிவதும், தோல்பொருள்களில் பூஞ்சை பிடிப்பதும் அப்படியே. 1902இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் முதல் நவீன குளிர்பதனக் கருவியை வடிவமைத்தபோது அவருக்கு விடப்பட்ட சவாலும் அங்கிருந்த மனிதர்களின் புழுக்கம் பற்றியதன்று. காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்கியதால் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் வண்ணங்கள் விலகின, அதைத் தடுக்க வேண்டியிருந்தது. முடியும் மரமும் காகிதமும் காற்றின் வெப்பநிலையிலேயே இருப்பவை. ஆகவே காற்றின் வெப்பநிலையைப் பகுதியாகக் கொண்ட பின்னம் அவற்றுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

உயிருள்ள தோல் காற்றின் வெப்பநிலையில் இருப்பதில்லை. வெப்பமான சூழலில் அது 35 டிகிரியை ஒட்டித் தன் வெப்பத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. அந்த வெப்பநிலையில் தோல்மீது படர்ந்த வியர்வையின் ஆவியழுத்தம் 56 மில்லிபார். வியர்வை எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதை முடிவுசெய்வது அந்த 56க்கும் காற்றிலிருக்கும் ஆவியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. மேற்சொன்ன நாளில் காலையிலும் பிற்பகலிலும் காற்றின் பக்கம் இருந்தது 30. வேறுபாடு இரு வேளையும் 26. கருவி காட்டிய 95, 57 என்ற இரண்டும் என் தோலுக்குச் சம்பந்தமே இல்லாதவை. தோலின் வெப்பநிலையைப் பகுதியாக வைத்து ஒரு சதவீதம் கணக்கிட்டால் அது நாள் முழுவதும் 54 சதவீதமாகவே இருந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு வானிலை அறிக்கைகளின்மீது உண்மையாகவே ஒரு வருத்தம் உண்டாயிற்று. மனிதருக்காகச் சொல்லப்படும் அறிக்கையில் காகிதத்துக்குரிய அளவு இடம்பெற்று, மனிதருக்குரிய அளவு அட்டவணையின் ஓரத்தில் கிடக்கிறது.

இதில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. ஈரக்காற்று என்று நாம் இவ்வளவு உறுதியாக உணர்வதை உணர்வதற்கு மனிதத் தோலில் தனி உறுப்பு ஏதும் இல்லை. கரப்பான்பூச்சியின் உணர்கொம்பில் ஈரத்தை அறியும் நரம்புச் செல்கள் உண்டு. பழ ஈக்களுக்கும் உண்டு, அவற்றில் பங்கேற்கும் சில ஏற்பிகள் 2016இல் அடையாளம் காணப்பட்டன. நமக்கு இருப்பவை வெப்பம், குளிர், அழுத்தம், உராய்வு, வலி போன்றவற்றை அறியும் நரம்பு முனைகள்தாம். 1900இலேயே மேடிசன் பென்ட்லி என்ற உளவியலாளர், ஈர உணர்வு அழுத்தமும் குளிர்ச்சியும் கலந்து உருவாவது என்று சோதனை மூலம் காட்டினார். நீர் புகாத மெல்லிய உறையால் மூடிய விரலைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், ஒரு துளியும் தொடாமலேயே விரல் நனைந்ததாகத் தோன்றும். காற்றின் ஈரமும் இப்படி மறைமுகமாகத்தான் நம்மை வந்தடைகிறது. காற்றிலுள்ள நீராவி மூலக்கூறு எதையும் நாம் தொட்டறிவதில்லை. நம் உடலே சுரந்த வியர்வை போக வழியின்றித் தங்கிவிடுவதையும், துணி அதனால் ஒட்டுவதையும், அசையும்போது தோலோடு துணி உரசும் விதம் மாறுவதையும் உணர்ந்து, அதைக் காற்றின் குணமாகச் சொல்கிறோம். அடால்ஃப் ஃபாரோ காகி 1937இல் முன்வைத்த தோல் நனைவு என்ற அளவு இதைத்தான் பிடிக்கிறது: உடலின் மேற்பரப்பில் எவ்வளவு பங்கு வியர்வையால் மூடப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. வெப்பத்தில் மனிதர் சொல்லும் அசௌகரியம் தோலின் வெப்பநிலையைவிட இந்த நனைவோடுதான் நெருக்கமாகச் சேர்ந்து நகர்கிறது.

வியர்வையின் கணக்கு

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒரு வயதுவந்தவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. நடந்தால் அது இருமடங்கு, மும்மடங்கு ஆகும். இந்த வெப்பம் முழுவதும் வெளியேறியாக வேண்டும், இல்லாவிட்டால் உள்வெப்பநிலை ஏறும். காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே காற்றுக்குப் போகும். சுற்றியுள்ள சுவர்கள் குளிர்ந்திருந்தால் கதிர்வீச்சாகவும் போகும். காலையில் என் தோலுக்கும் காற்றுக்கும் இடையே பத்து டிகிரி வேறுபாடு இருந்தது; பெரும்பகுதி வெப்பம் அந்த வழியில் சத்தமில்லாமல் வெளியேறியது, வியர்வைக்கு வேலையே வரவில்லை. பிற்பகலில் அந்த வேறுபாடு ஒரு டிகிரியாகச் சுருங்கியது. அவ்வழி அடைபட்டதும் முழுச் சுமையும் ஆவியாதலின்மீது விழுந்தது. வியர்வை சாதாரண விகிதத்தில் சுரந்தால் போதாது. 26 மில்லிபார் வேறுபாட்டில் தேவையான அளவு ஆவியாக வேண்டுமானால் தோலின் பெரும்பரப்பு நனைந்தாக வேண்டும். அந்த நனைவைத்தான் பிசுபிசுப்பாக உணர்ந்தேன். வறண்ட நிலத்தில், 40 டிகிரி வெப்பத்திலும் 20 சதவீத ஈரப்பதத்திலும், காற்றின் ஆவியழுத்தம் 15 மில்லிபாருக்குள் இருக்கும், வேறுபாடு 41. அங்கே வியர்வை சுரந்த இடத்திலேயே, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, மறைந்துவிடுகிறது. எஞ்சுவது தோலின்மீது மெல்லிய உப்புப் படலம்.

ஒரு கிராம் வியர்வை தோலில் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் உள்ளுறை வெப்பம் ஏறத்தாழ 2,430 ஜூல். 100 வாட்டை இதனால் மட்டுமே வெளியேற்ற மணிக்கு 150 கிராம் வியர்வை போதும். கடும் உழைப்பில் மனித உடல் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் சுரக்க வல்லது என்பதால், சுரப்பில் குறையில்லை. குறை அது எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. புருவத்திலிருந்து சொட்டித் தரையில் விழும் துளி உடலிலிருந்து வெப்பம் எதையும் குறிப்பிடும்படி எடுத்துச்செல்வதில்லை. நீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகிறது. நன்றாக வியர்க்கிறது, உடம்பு குளிரும் என்று ஈரக்காற்றில் உழைப்பவரிடம் ஆறுதல் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொட்டச் சொட்ட வியர்ப்பது, குளிர்விப்பு நடக்கவில்லை என்பதற்கு உடல் தரும் அடையாளம். இதைச் சொல்லித்தர ஒரு பள்ளிப் பாடம் போதும், ஆனால் சொல்லப்படுவதில்லை.

இந்த வேறுபாட்டை மனிதர்கள் தம் உடலையே வைத்துச் சோதித்த வரலாறு பழையது. 1774இல் லண்டனில் மருத்துவர் ஜார்ஜ் ஃபோர்டைஸ் சில அறைகளைச் சூடாக்கிச் சோதனைகள் நடத்தினார். சார்ல்ஸ் பிளாக்டன் அவற்றை அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். உலர்ந்த காற்றில் நீர் கொதிக்கும் வெப்பநிலையையும் தாண்டிய அறையில் அவர்கள் சில நிமிடங்கள் தாங்கி நின்றார்கள். கொதிநீரால் ஆவி நிரப்பிய அறையிலோ அதில் பாதி வெப்பமே கடினமாக இருந்தது. அங்கே ஃபோர்டைஸின் உடலிலிருந்து நீர் ஓடையாக வழிந்தது. அது வியர்வைதானா என்று அறிய, உடலின் வெப்பத்தையொத்த நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குடுவையை அந்த அறையில் வைத்தார்கள். குடுவையின்மீதும் அதே போல் நீர் வழிந்தது. பனிப்புள்ளி தோலின் வெப்பநிலையைத் தாண்டிவிட்டால், வியர்வை ஆவியாவது நின்றுபோவதோடு முடியாது. காற்றிலுள்ள நீராவி தோலின்மீதே படிந்து, தன் உள்ளுறை வெப்பத்தை உடலுக்குள் கொட்டும். ஆவியாதல் தலைகீழாக ஓடும் அந்த நிலையை ஒரு சாதாரணக் குடுவையால் காட்டிய அந்தச் சோதனையின் எளிமை என்னை இன்றும் ஈர்க்கிறது.

ஜான் ஸ்காட் ஹால்டேன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் வெப்பத்தை ஆராய்ந்து 1905இல் எழுதியதுதான் இந்தப் பொருளில் நான் படித்தவற்றுள் மிகத் தெளிவானது. உடல் எப்போது தடுமாறத் தொடங்குகிறது என்பதைச் சாதாரண வெப்பமானி சொல்லவில்லை, ஒப்பு ஈரப்பதமும் சொல்லவில்லை. குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிய வெப்பமானி, அதாவது ஈரக்குமிழ் வெப்பமானி, சொன்னது. அசையாத காற்றில் ஈரக்குமிழ் வெப்பநிலை 31 டிகிரியைத் தாண்டியதும், சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தவருக்கும் உடல்வெப்பம் ஏறத் தொடங்கியது. ஈரத்துணி கட்டிய குமிழ் வியர்த்த தோலின் நிலையில் இருப்பது, ஆகவே அது தோலின் மொழியில் பேசுகிறது. 2010இல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் இருவரும் கோட்பாட்டளவில் மனித உடலின் எல்லை ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரி என்று எழுதினர். அந்த எண் பரவலாகப் புகழ்பெற்றது. 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளம் வயதினரை அறையில் வைத்துச் சோதித்தபோது, அன்றாட வேலை அளவு உழைப்பில், ஈரமான வெப்பத்தில் உடல் சமநிலை இழந்தது 30, 31 டிகிரியிலேயே. ஹால்டேன் சுரங்கத்தில் கண்ட எல்லைக்கு அருகிலேயே ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்து நின்றார்கள்.

காற்றோட்டத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோலை ஒட்டியுள்ள மெல்லிய காற்றுப் படலம் வியர்வையின் ஆவியால் விரைவில் நிரம்பிவிடுகிறது. விசிறி அந்தப் படலத்தைக் கலைத்து அறையின் காற்றைக் கொண்டுவந்து வைக்கிறது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நீராவியைக் குறைப்பதுமில்லை, ஆனால் ஈரமான வெப்பத்தில் அதுபோல் உதவும் எளிய கருவி வேறில்லை. காற்று தோலைவிடச் சற்றே சூடாக இருந்தாலும், ஆவியாதலால் வரும் லாபம் சூட்டால் வரும் நட்டத்தை மிஞ்சிவிடும். மிகச் சூடான வறண்ட காற்றில் நிலைமை வேறு. அங்கே சுரந்த வியர்வை முழுவதும் விசிறி இல்லாமலேயே ஆவியாகிவிடுகிறது. விசிறி கூடுதலாகச் செய்வது சூட்டைத் தோலின்மீது வீசுவது மட்டுமே.

இரவும் குளிரும்

பகல் புழுக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிடக் கவலை தருவது இரவு. வறண்ட நிலத்தில் பகல் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை வானுக்கு அனுப்பிவிடுகிறது. நீராவி மிகுந்த காற்று அந்த வெப்பக்கதிர்களை உறிஞ்சி ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அதையும் மீறிக் காற்று குளிர்ந்து பனிப்புள்ளியைத் தொட்டால், நீராவி பனியாகப் படிந்து உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. அதற்குக் கீழே இறங்குவது மிகவும் மெதுவாகிறது. ஆகவே மாலையில் பனிப்புள்ளி 26 என்றால், அன்றிரவு வெப்பநிலை 26க்குக் கீழே பெரிதாக இறங்காது என்று பெரும்பாலும் நம்பலாம். உறக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பநிலை சற்றுக் குறைய வேண்டும், அந்த வெப்பம் தோலின் வழியே போக வேண்டும். ஈரமான இரவில் அது போவதில்லை. பகலில் பட்ட களைப்பைத் தீர்த்துக்கொள்ளாமலேயே உடல் மறுநாள் வெயிலுக்குள் நுழைகிறது. வெப்ப அலைகளில் முதல் நாளைவிடப் பின்வரும் நாள்கள் கொடியவையாவதற்கு இது ஒரு காரணம்.

ஈரக்காற்று கனமாக அழுத்துகிறது என்று சொல்பவர்கள் உண்டு. எடையைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது: நீராவி மூலக்கூறின் எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி 29; 30 டிகிரியில் தெவிட்டிய காற்று உலர்ந்த காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் லேசானது. வெளியேறாத வெப்பத்தின் அழுத்தத்தையே நாம் காற்றின் கனமாக உணர்கிறோம்.

குளிர்காலத்தில் இதே பின்னம் வேறு விதமாக ஏமாற்றுகிறது. வெளியே 0 டிகிரியில் 100 சதவீத ஈரப்பதம் என்றாலும் அதன் ஆவியழுத்தம் 6 மில்லிபார்தான். அக்காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டால் அதே காற்றின் ஈரப்பதம் 26 சதவீதமாகிறது. மூக்கின் உட்புறம் காய்ந்து எரிகிறது, தோல் வெள்ளையாக உரிகிறது, கம்பளியைத் தொட்டால் மின்பொறி தெறிக்கிறது. பனிமூட்டத்தில் மூச்சு விட்டுவிட்டு உள்ளே வந்தவர் வறட்சியைப் பற்றிக் குறைசொல்வதில் முரண்பாடு ஏதுமில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, வெப்பநிலையோடு பனிப்புள்ளியையும் சொல்லும் ஓர் அறிக்கையே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது. உணரும் வெப்பநிலை என்று இப்போது தரப்படும் எண் ராபர்ட் ஸ்டெட்மேன் 1979இல் உருவாக்கிய கணக்கிலிருந்து வளர்ந்தது. ஆனால் அது நிழலில், இளங்காற்றில் நடக்கும் ஒருவரைக் கற்பனை செய்கிறது. வெயிலில் உழைப்பவருக்கு அது பொருந்தாது. அவர்களுக்காக 1950களில் அமெரிக்க இராணுவப் பயிற்சி முகாம்களில் உருவான அளவு ஒன்று இருக்கிறது: ஈரக்குமிழ் வெப்பநிலைக்குப் பத்தில் ஏழு பங்கு, வெயிலை வாங்கும் கருங்கோளத்தின் வெப்பநிலைக்கு இரண்டு பங்கு, சாதாரண வெப்பமானிக்கு ஒரே ஒரு பங்கு. நாம் தினமும் முதலில் பார்க்கும் எண்ணுக்கு அங்கே கிடைத்த இடம் பத்தில் ஒன்று.

பழகிவிடும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் உழைத்தால் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அளவு கூடுகிறது, அதில் உப்பு குறைகிறது, இதயத்தின் சுமை இறங்குகிறது. வறண்ட வெப்பத்தில் இந்தப் பழக்கம் பெரும் காப்பு. ஈரமான வெப்பத்தில் கூடுதலாகச் சுரப்பதில் பெரும்பங்கு சொட்டித்தான் போகிறது. அதோடு, தோல் நெடுநேரம் நனைந்தே கிடந்தால் வியர்வை நாளங்களின் வாய் ஊறி அடைபட்டு, சுரப்பே மெல்லக் குறைகிறது. முதியவர்களின் சுரப்பிகளோ தொடக்கத்திலேயே குறைவாகத்தான் சுரக்கின்றன. தோலின் 56 மில்லிபாரும் காற்றின் ஆவியழுத்தமும் நெருங்கி வரும்போது, எந்தப் பயிற்சியாலும் அந்த இடைவெளியை அகலமாக்க முடியாது. அதை அகலமாக்க இரண்டே வழிகள்தாம் இருக்கின்றன: காற்றிலிருந்து நீராவியை எடுப்பது, அல்லது அந்தக் காற்றிலிருந்து மனிதரை எடுப்பது.